பாய்மரப் படகின் பில்ஜில் இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கு: எதைப் போட்டால் கிளம்பும்?

#1 கொண்டல் (லங்காவி)

படகு 30 அடி, ஃபைபர், ஃபின் கீல் (அடியில் மீன் துடுப்புபோல இறங்கும் கனமான பகுதி), 1980களில் கட்டியது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கப் பழைய மாதிரி கயிறு அடைத்த கிளாண்ட். இன்ஜினுக்கு அடியில் தனித் தட்டு கிடையாது, சொட்டுவது எல்லாம் நேரே பில்ஜுக்குத்தான், அதாவது படகின் அடிக்குழிக்குத்தான், போகிறது.

இப்போது தரைப்பலகையைத் தூக்கினால் இன்ஜினுக்குக் கீழே அரை விரற்கடை தடிமனுக்குக் கறுப்புப் பிசுக்கு, கழுவாத தோசைக்கல்லின் ஓரம் மாதிரி. கீல் போல்ட்டுகள் இருக்கும் குழியில் பத்து லிட்டர் போலத் தண்ணீர், மேலே வானவில் படலம். பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு தடவை ஊற்றித் தேய்த்தாயிற்று. தண்ணீர் பால்காப்பி நிறத்துக்கு மாறியதே தவிர பிசுக்கு அசையவில்லை. பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்சும் ஏறினால் ஏறின இடத்திலேயே நின்றுவிடுகிறது.

எந்தக் கெமிக்கல் போடலாம்? காஸ்டிக் சோடா சரிவருமா?

#2 பழைய நங்கூரம் (கிள்ளான்)

கெமிக்கல் அப்புறம். முதலில் பம்பின் தானியங்கி சுவிட்சை ஆஃப் பண்ணி ஃபியூஸையும் கழற்றுங்கள். அந்தப் பால்காப்பி ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது. மலேசியாவில் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கடலில் எண்ணெய் விடுவதைத் தடுக்கிறது, படகு சின்னது என்பது சாக்கு ஆகாது. கப்பல் மாசுத் தடுப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு எண்ணெய்) கணக்கைக் காட்டி 'கொஞ்சம் விடலாம்' என்பவர்கள் உண்டு. அது வடிகட்டும் கருவி வைத்திருக்கும் பெரிய கப்பல்களுக்கான கணக்கு. நம்மிடம் கருவி இல்லை, ஆகவே பூஜ்யம்தான்.

பம்பை அணைத்தவுடன் இன்ஜின் சாவியில் 'பில்ஜ் பம்ப் ஃபியூஸ் இல்லை' என்று ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். சுத்தம் செய்து முடித்த களைப்பில் ஃபியூஸை மாட்ட மறந்து, கிளாண்ட் சொட்டிச் சொட்டிப் படகு தண்ணீர் ஏறி நிற்பதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் விபத்து.

சோப்பு ஏன் தோற்றது என்றால், வரிசை தலைகீழ். தண்ணீர் நிற்கும் இடத்தில் சோப்பை ஊற்றினால், அது மேலே மிதக்கும் எண்ணெயைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். அதுதான் உங்கள் காப்பி நிறம். அடியில் இறுகிக் கிடக்கும் பிசுக்கைத் தொடுவதற்கு அதற்குச் சக்தி மிஞ்சாது. அதைவிட மோசம், கலந்துபோன எண்ணெயை உறிஞ்சு விரிப்பு பிடிக்காது. வெள்ளை பாலிப்ரோப்பிலீன் விரிப்பு தண்ணீரைத் தள்ளி எண்ணெயை மட்டும் குடிக்கும், தன் எடையைப் போல பத்து மடங்குக்கு மேல். ஆனால் எண்ணெய் தனியாக மிதக்கும்போதுதான். அதனால் விரிப்பு முதலில், சோப்பு கடைசியில்.

இனிச் செய்ய வேண்டியது: இருக்கிற காப்பியைக் கையால் இழுக்கும் ஆயில் உறிஞ்சு பம்பால் 20 லிட்டர் கேனில் எடுங்கள். அடியைத் துணியால் ஒற்றிக் காய விடுங்கள். பிறகு, கெமிக்கல் எதையும் திறக்காமல், பிளாஸ்டிக் சுரண்டியால் பிசுக்கை வழித்தெடுங்கள். வெந்நீர் ஒத்தடம்போல 50 டிகிரி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை அதன்மேல் பத்து நிமிடம் படுக்க வைத்தால் இளகிக்கொடுக்கும். கொதிநீர் வேண்டாம். ஃபைபரைப் பிடித்து வைத்திருக்கும் பழைய பாலியெஸ்டர் ரெசின் அறுபது, எழுபது டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். முக்கால்வாசிப் பிசுக்கு சுரண்டியிலேயே வந்துவிடும். இதைத் தாண்டிக் குதித்துக் கெமிக்கலுக்குப் போகிறவர்கள்தான் நான்கு பாட்டில் வாங்குகிறார்கள்.

#3 வேதிக்குடுவை (சென்னை)

காஸ்டிக் பற்றி. எண்ணெயில் இரண்டு ஜாதி உண்டு. தேங்காய் எண்ணெய், மீன் எண்ணெய், சமையல் கொழுப்பு இவையெல்லாம் காஸ்டிக்கோடு சேர்ந்தால் சோப்பாகவே மாறிவிடும். வீட்டுச் சாக்கடை அடைப்பை அது திறப்பது இப்படித்தான். இன்ஜின் ஆயில், டீசல், கிரீஸின் அடிப்படை எண்ணெய் எல்லாம் பெட்ரோலியம். அவை சோப்பாகவே மாறாது. எவ்வளவு காஸ்டிக் கொட்டினாலும் கறுப்புப் பிசுக்கு உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆனால் காஸ்டிக் சும்மா இருக்காது. அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் விடும், அதையும் மூடிய இன்ஜின் அறையில். டீசல் டேங்க் அலுமினியமா என்று பாருங்கள். பாலியெஸ்டர் என்ற பெயரிலேயே எஸ்டர் இருக்கிறது, வலுவான காரம் அந்தப் பிணைப்பைத்தான் வெட்டும். ஆகவே காஸ்டிக் வேண்டாம்.

கிருமிநாசினி ப்ளீச்சும் வேண்டாம். பிசுக்கைக் கரைக்காது, ஸ்டெயின்லெஸ் கிளாம்புகளில் குழிகளைப் போடும். அம்மோனியா உள்ள திரவம் பித்தளையை வெடிக்க வைக்கும், கடல்நீர்க் குழாய்களை மூடித் திறக்கும் சீகாக்குகள் அந்தக் குழியில்தானே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் விஷவாயு. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் சேர்ந்த டிகிரீசர் (பிசுக்கு நீக்கும் திரவம்) நன்றாக வேலை செய்யும், வாசனையும் ஜோர். ஆனால் அது ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும். பம்ப் டயாஃப்ரம், மிதவை சுவிட்சின் வயர் உறை மேல் நிற்க விடக்கூடாது.

லேபிளில் தேட வேண்டியது பியூட்டைல் கிளைக்கால், சோடியம் மெட்டாசிலிகேட் இரண்டும். தண்ணீரில் கரையும் டிகிரீசர்களில் பெட்ரோலியப் பிசுக்குக்கு ஏற்ற கூட்டணி இது. இதிலும் காரம் உண்டு, காஸ்டிக் அளவுக்கு இல்லை. அலுமினியத்தின் மேல் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். நைட்ரைல் கையுறை, கண்ணாடி கட்டாயம். பலூன் ரப்பர் கையுறை எண்ணெய் பட்டால் ஊதிக் கிழியும்.

#4 இன்ஜின்ரூம் ராசா (தூத்துக்குடி)

அண்ணே, விசைப்படகு இன்ஜின் ரூமுக்கு இங்க பட்டறையில போடுறது மண்ணெண்ணெயும் சோப் ஆயிலும்தான். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்கு 200 மில்லி சோப் ஆயில், நல்லா கலக்கி, காஞ்ச பிசுக்கு மேல பிரஷ்ஷால தடவணும். தண்ணி ஒரு பொட்டு இருக்கக்கூடாது. இருபது நிமிஷம் ஊறட்டும். மண்ணெண்ணெய் உள்ள போயி இளக்கும், அப்புறம் கொஞ்சமா தண்ணி தெளிச்சா சோப் ஆயில் அந்தக் கலவைய அப்படியே தூக்கிட்டு வெள்ளையா வரும். அந்த வெள்ளைய உடனே உறிஞ்சி கேன்ல எடுத்துடணும், நின்னா மறுபடி ஒட்டிக்கிடும். நைலான் பிரஷ் போதும். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வுல் தொடாதீங்க, உடைஞ்ச கம்பி ஒவ்வொண்ணும் துருப்பொட்டாகும்.

மரத்தூள் போடுற பழக்கம் பட்டறைத் தரைக்குச் சரி. படகுக்குள்ள போட்டா தூள் ஊறி, குறுக்குச் சட்டத்துக்கு அடியில தண்ணி ஓடுற ஓட்டைய அடைக்கும், பம்ப் சல்லடைய அடைக்கும். எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும்.

இன்னொண்ணு. எங்கிருந்து ஒழுகுதுன்னு கண்டுபிடிக்காம கழுவுனா அடுத்த மாசமும் இதே இழையில வந்து நிப்பீங்க. விரலால தொட்டு வெள்ளைத் தாள்ல ஒரு பொட்டு வைங்க. டீசலா இருந்தா மெல்லிசா விரிஞ்சு ஓரம் தெரியாமப் பரவும், நாத்தமே சொல்லிடும். இன்ஜின் ஆயில்னா நடுவுல கறுப்பு, சுத்தி மஞ்சள் வளையம். கியர்பாக்ஸுல சிவப்பு ஏடிஎஃப் (கியர் ஆயில் மாதிரி) ஊத்தியிருந்தா சிவப்பு. கட்டியா, தண்ணிய உள்ள பிடிச்ச மாதிரி வெளுத்து இருந்தா அது கிளாண்ட் கிரீஸ். பாதிப் பேரு கிரீஸ் கப்பை தினமும் முறுக்கித் தள்ளுறாங்க, அது அவ்வளவும் பில்ஜுக்குத்தான் வருது.

#5 கோடியக்கரை (சென்னை)

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பில்ஜ் கிளீனர் அரை லிட்டர், நல்ல தண்ணீர் பத்து லிட்டர் ஊற்றி, அலை உள்ள நாளில் இரண்டு மூன்று மணி நேரம் பாய் விரித்து ஓட்டுங்கள். படகு ஆடுற ஆட்டத்தில் தானே அலசிவிடும். கை போகாத மூலைக்கும் தண்ணீர் போகும். பாய்ப்படகுக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது.

#6 பழைய நங்கூரம் (கிள்ளான்)

கோடியக்கரை, கடைசி அலசலுக்கு அது நல்ல வழிதான். கொண்டல் படகுக்கு முதல் வேலையாகச் செய்தால் கெடுதல்.

ஃபின் கீல் படகின் பில்ஜ் ஆழமில்லாதது. படகு 20 டிகிரி சாய்ந்தாலே குழியில் இருக்கும் பத்து லிட்டரும் பக்கச் சுவரில் ஏறி, படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகளுக்குள் போய்விடும். பாய்ப்படகுகளில் தரைக்கு ஒரு முழம் மேலே, சாப்பாட்டுச் சாமான் வைக்கும் பெட்டியின் பின்சுவரில் எண்ணெய் வளையம் இருப்பதற்குக் காரணம் இதுதான். மோட்டார் படகில் பிசுக்கு அடியில் மட்டும் இருக்கும், இங்கே பக்கத்திலும் தேட வேண்டும். கொண்டல், வலது இடது இரண்டு பக்கப் பெட்டிகளையும் காலி செய்து டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் படலத்தை விட்டுவிட்டு நடுக்குழியை மட்டும் பளபளப்பாக்கினால், அடுத்த சாய்வில் அது இறங்கி வந்து மறுபடி நடுவில் நிற்கும்.

ராசா சொன்ன மண்ணெண்ணெய் சரி, ஒரே ஒரு எச்சரிக்கையோடு. மண்ணெண்ணெய் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை 38 டிகிரி அளவில் இருக்கிறது. ஓடி நின்ற இன்ஜினின் அறை இந்த ஊர் வெயிலில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். இன்ஜின் முந்தின நாளே நின்றிருக்க வேண்டும், பாட்டரி சுவிட்ச் ஆஃப், எல்லா மூடிகளும் திறந்து. கடையில் வாங்கும் ஈரத்தையும் இழுக்கும் வாக்குவம் கிளீனரின் மோட்டார் பொறி விடும், கரைப்பான் கலந்ததை அதில் இழுக்கவே கூடாது. சமையல் கேஸும் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பில்ஜில்தான் உட்காரும். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

#7 திருமலை அலை (திருகோணமலை)

ஒருத்தரும் ஓட்டைகளைப் பற்றிச் சொல்லேல்லை. குறுக்குச் சட்டங்களுக்கு அடியில தண்ணி ஓடுற சின்ன ஓட்டைகள் பிசுக்கால அடைபட்டா, எவ்வளவு கழுவினாலும் ஒவ்வொரு அறையிலும் குட்டை குட்டையாத் தேங்கும். பழைய மர வள்ளங்களில ஒரு மெல்லிய சங்கிலியை எல்லா ஓட்டைக்குள்ளாலும் முன்பக்கத்திலயிருந்து பின்பக்கம் வரை விட்டு வைப்பினம். முன்னும் பின்னும் இழுத்தா அடைப்பு விடும். ஃபைபர் படகுக்குச் சங்கிலி வேண்டாம், எட்டு மில்லிமீட்டர் நைலோன் கயிறில சாண் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு விடுங்கோ. முடிச்சுத்தான் பிரஷ்.

அழுகின முட்டை மணம் வந்தால் அது எண்ணெயால இல்லை. தேங்கின உப்புத்தண்ணியில காத்து இல்லாமல் வாழுற பக்டீரியாக்கள் கந்தகத்தை வாயுவா மாத்திறதால வாறது. செப்பு வயர் முனைகள் கறுத்துப்போயிருந்தா அதுதான் சாட்சி. பிசுக்கை எடுத்தாப் பிறகு நல்ல தண்ணியால ரண்டு தரம் அலசிக் காயவிடுங்கோ. வாசனைத் திரவியம் ஊத்திறதால ஒண்டும் ஆகாது.

மர வள்ளம் வைச்சிருக்கிறவைக்கு ஒரு குறிப்பு: மீன் எண்ணெய் பூசின பலகையில இருக்கிறது வேற சாமான். அது காத்துப் பட்டுக் காய்ஞ்சு வார்னிஷ் போல இறுகிற எண்ணெய். அதுக்கு மண்ணெண்ணெய் பெரிசாச் சரிவராது, வேதிக்குடுவை சொன்ன முதல் ஜாதி அது. சலவைச் சோடா லிட்டருக்கு 50 கிராம், இளஞ்சூட்டுத் தண்ணியில. காஸ்டிக் போட்டால் மரம் பஞ்சாப் போகும். அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதேங்கோ, தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவிடுங்கோ, இல்லாட்டித் தண்ணிக்குள்ள போடுங்கோ.

#8 கொண்டல் (லங்காவி)

நன்றி எல்லோருக்கும். சுரண்டியில் நான்கு கிலோ போல வந்தது, நம்பவே முடியவில்லை. ராசாவின் கலவை இரண்டு சுற்று ஓடிவிட்டது. தாள் சோதனையில் கறுப்பு நடு, மஞ்சள் வளையம், ஆக இன்ஜின் ஆயில்.

மிச்சப் பிரச்சினை: இன்ஜினுக்கு அடியில் ஜெல்கோட் (ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சு) இல்லை, ஃபைபரின் நெசவு வெறுமையாகத் தெரிகிறது. அந்த நெசவுக் குழிகளுக்குள் கறுப்பு ஊறிப்போய் இருக்கிறது. மேலே துடைத்தால் துணி சுத்தமாக வருகிறது, மறுநாள் அதே இடம் பளபளக்கிறது. பெயிண்ட் அடித்து மூடிவிடலாமா?

#9 வேதிக்குடுவை (சென்னை)

மூடினால் ஆறு மாதத்தில் தோலாக உரியும்.

நெசவுக்குள் இருப்பதை வெளியே இழுக்கப் பற்றுப் போடுங்கள். பார்மசி டால்க் அல்லது சுண்ணக்கல் மாவு அரைக் கிலோ, அதில் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை அங்குலத் தடிமனில் அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஆறு மணி நேரம் மூடி வையுங்கள், பிறகு தாளை எடுத்து முழுக்கக் காய விடுங்கள். மூடியிருக்கும்போது மண்ணெண்ணெய் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும். திறந்து காயும்போது கரைசல் மாவின் பக்கம் ஏறி வரும், மண்ணெண்ணெய் ஆவியாகப் போகும், எண்ணெய் மாவில் மாட்டிக்கொள்ளும். காய்ந்த பற்றைப் பெயர்த்தால் அடிப்பக்கம் பழுப்பாக இருக்க வேண்டும். மூன்றாவது பற்றின் அடி வெள்ளையாக வந்தால் முடிந்தது. காயும் நேரத்தில்தான் ஆவி அதிகம், மூடிகளைத் திறந்தே வைத்து, தீக்குச்சிக்குத் தடை.

#10 பழைய நங்கூரம் (கிள்ளான்)

பற்று முடிந்ததும் மெட்டாசிலிகேட் டிகிரீசர். ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 250 மில்லி, பத்து நிமிடம், காய விடாமல் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு அலசல். கோடியக்கரையின் பாய் ஓட்டும் வைத்தியத்துக்கு இப்போதுதான் நேரம், அதுவும் பக்கப் பெட்டிகளின் படலத்தைத் துடைத்த பிறகு.

பெயிண்டுக்கு முன்னால் தண்ணீர்ச் சோதனை. அரை டம்ளர் தண்ணீரை அந்த இடத்தில் வழிய விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு திரண்டால் எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். ஒரே விரிப்பாகப் படர்ந்து அரை நிமிடம் உடையாமல் நின்றால் சுத்தம். அதன் பிறகுதான் 80 நம்பர் உப்புத்தாள். பிசுக்கு இருக்கும்போது உப்புத்தாள் போட்டால் கீறல் கீறலாக எண்ணெயை உள்ளே தேய்த்து அனுப்புகிறீர்கள். தூசியைத் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி இரண்டு கோட், வெளிர்சாம்பல் அல்லது வெள்ளை. அழகுக்காக இல்லை. வெளிர் நிறத்தில்தான் அடுத்த ஒழுகலின் முதல் சொட்டே தெரியும். முதல் கோட்டில் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாகப் பெயிண்ட் விலகினால் நிறுத்திவிடுங்கள், எண்ணெய் மிச்சம்.

குழி சுத்தமான இந்த நேரத்தில் கீல் போல்ட் நட்டுகளைப் பாருங்கள். வாஷரைச் சுற்றித் துருக்கோடு இறங்கியிருந்தால் பெயிண்டைத் தள்ளிப்போட்டு அதைக் கவனிக்க வேண்டும். இத்தனை வருடம் பிசுக்கு அதை மறைத்து வைத்திருக்கலாம்.

#11 இன்ஜின்ரூம் ராசா (தூத்துக்குடி)

மிதவை சுவிட்ச் ஒட்டுறதுக்கு: அதைக் கழத்தி, அது ஏறி இறங்குற அச்சுல பழைய டூத் பிரஷ்ஷால சோப்புத்தண்ணி போட்டுத் தேய்ங்க. மண்ணெண்ணெய் அதுல வேண்டாம். கையால தூக்குனா பம்ப் ஓடணும், விட்டா தானா விழணும். பத்துத் தடவை செஞ்சு ஒரு தடவை தயங்குனாலும் மாத்திடுங்க. மேலயே ஒட்டி நின்னா பம்ப் காய்ஞ்சு ஓடி எரியும், கீழயே ஒட்டுனா படகு போகும்.

பம்ப் சல்லடையும் கழத்துங்க, அடியில தலைமுடி, பிசுக்கு, வயர் கட்டுற துண்டு எல்லாம் இருக்கும். ஹோஸையும் பாருங்க. உள்பக்கம் வரி வரியா இருக்கிற ஹோஸுல ஒவ்வொரு வரியிலயும் எண்ணெய் நிக்கும். 25 மில்லிமீட்டர் ஹோஸ் மூணு மீட்டர் இருந்தா, பம்ப் நின்னதும் ஒன்றரை லிட்டர் தண்ணி திரும்பி விழும். அந்த அழுக்குத்தான் கழுவுன குழிக்கு மறுபடி வருது. உள்பக்கம் வழவழப்பான ஹோஸா மாத்துங்க.

ஆயில் ஒழுகலுக்கு: இன்ஜினத் துடைச்சு, அடியில விரிப்பை நாலு துண்டா வெட்டி ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு நம்பர் எழுதிப் போடுங்க. அரை மணி நேரம் ஓட்டுங்க. எந்தத் துண்டு கறுக்குதோ அதுக்கு நேர் மேல பாருங்க. மேல இருந்து வழிஞ்சு வரலாம், அதனால கீழ பாத்துட்டு சம்ப் (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) மேல பழி போடாதீங்க. ராக்கர் கவர் கேஸ்கட், ஆயில் ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், கடைசியா ஃப்ளைவீல் பக்க சீல். விலை குறைஞ்சதுல இருந்து பாத்துட்டு வாங்க.

#12 கோடியக்கரை (சென்னை)

கேன்களில் எடுத்த வெள்ளைத் தண்ணீரை என்ன செய்வது? அது பிரியவே பிரியாதே.

#13 பழைய நங்கூரம் (கிள்ளான்)

நிழலில் இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள், லிட்டருக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு. உப்பு பெரும்பாலான சோப்புக் கலவையை உடைக்கும், எண்ணெய் மேலே வந்து நிற்கும். அப்படியும் பிரியாவிட்டால் பிரியாமலேயே கொடுத்துவிடலாம். இரண்டையும் கரையில்தான் கொடுக்க வேண்டும், பிரிந்த அடித்தண்ணீரும் கடலுக்குச் சொந்தமில்லை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிகளில் பழைய மசகு எண்ணெய்க்குக் கழிவுக் குறியீடு எஸ்டபிள்யூ 305, எண்ணெய்-தண்ணீர்க் கலவைக்கு 309, எண்ணெய் பட்ட துணி, விரிப்பு, ஃபில்டருக்கு 410. கேனின் மேல் அந்த நம்பரை எழுதிக் கொடுத்தால் மரினாவில் கேள்வி குறையும். இந்தியாவில் பழைய எண்ணெய் 2016 அபாயக் கழிவு விதிகளுக்குள் வரும். 305ஐயும் 309ஐயும் ஒரே கேனில் கலக்காதீர்கள், தண்ணீர் கலக்காத பழைய எண்ணெய்க்கு வாங்க ஆள் உண்டு, கலந்ததற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டிவரும்.

#14 கொண்டல் (லங்காவி)

மூன்றாம் நம்பர் துண்டு கறுத்தது. நேர் மேலே ஆயில் பிரஷர் சுவிட்ச், அதன் நடு பிளாஸ்டிக் வழியாகக் கசிகிறது. ராக்கர் கவர் காய்ந்தே இருக்கிறது. மூன்றாவது பற்றின் அடி வெள்ளை, தண்ணீர் விரிந்து நின்றது. கீல் நட்டுகளில் நடுவில் உள்ள ஒன்றின் வாஷரில் மட்டும் பழுப்புக் கோடு. படம் எடுத்துப் புது இழையில் போடுகிறேன், அதுவரை பெயிண்ட் டப்பா திறக்கவில்லை. ஃபியூஸ் மாட்டியாயிற்று, சீட்டும் கழற்றியாயிற்று.